மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரர் புகழேந்தியைப் பற்றிப் பாபநாசத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான், என் பேர் மேகலா. நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்லதனத்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! எங்கள் மகள் எழில்மொழியின் கல்யாணப் பேச்சில் அவர் அடித்த கூத்தை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "அந்தக் கட்டுரைதான் வெளிய வந்துடுச்சே, எழுது. எதுக்கும் செம்மொழிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். பாருங்கள், பெண்டாட்டி வாயைத் திறப்பதற்கும் இதழாசிரியரின் அனுமதி வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர். மண்ணைப் பற்றிப் படித்து, மண்ணைப் பற்றியே பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே "வலிக்காது, வலிக்காது" என்று பொய் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அவருக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை வரவில்லை. என் தம்பி கடனை உடனை வாங்கி வீடு கட்டினான். புதுமனைப் புகுவிழா அன்றைக்கே, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சமையல்கட்டுல வெளிச்சம் பத்தாதே தம்பி" என்றார். என் தம்பி பெண்டாட்டி இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஓய்வு பெற்றால் வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தேன். தஞ்சாவூரிலிருந்து செம்மொழி போன் செய்தார். செம்மொழி இவருக்குக் கீழே வேலை பார்த்த பெண், இப்போது வேளாண்மைக்கான ஓர் ஆய்விதழை நடத்துகிறார். யாராவது வயலில் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதி அனுப்பினால் உடனே அச்சில் போட்டுவிட மாட்டார்களாம். விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிதானா என்று பார்க்கச் சொல்வார்களாம். எழுதியவரின் பேர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். படிக்கிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது, எழுதியவருக்குப் படித்தவர் யாரென்று தெரியக் கூடாது. படித்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. வேண்டியவர்கள் எழுதியது என்று தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "இத்தனை கூடாதுக்கும் என்ன தர்றாங்க?" என்று கேட்டேன். ஒன்றும் கிடையாதாம். "ஒரு டீயாவது?" என்றேன். கண்ணாடியைத் துடைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் எனக்குச் சொந்தமில்லை. கட்டுரையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பச்சைப் பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். எவ்வளவு மோசமான கட்டுரையாக இருந்தாலும் முதலில் அதில் நல்லது என்ன என்று எழுதிவிட்டுத்தான் குறை எழுத ஆரம்பிப்பார். அந்த நல்லதைக் கண்டுபிடிக்கவே சில சமயம் நாள்கணக்கில் ஆகும். நடுவில் தனக்குத்தானே பேசிக்கொள்வார். "ஏன்டா தம்பி இவ்வளவு யூரியாவைக் கொட்டுன?" என்பார், எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி. நான் சாம்பார் கிண்ணத்தை அந்தத் தாள்களின் பக்கத்தில் வைத்தால் மட்டும் கோபம் வரும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே ஆள் குஷியாக இருந்தார். நெல்லுக்குத் தண்ணீரை எப்போதும் நிறுத்தி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் விளைச்சல் எப்படி இருக்கும் என்று யாரோ மூன்று வருஷம் சம்பாப் பருவத்தில் பார்த்து எழுதிய கட்டுரை அதுவென்று எனக்குப் பின்னால்தான் தெரியும்.

"எழுதினது யாரோ தெரியல மேகலா, வயல்ல எறங்கி நின்ன புள்ள. படிச்சாலே தெரியுது" என்றார்.

"சந்தோஷம். இட்லி ஆறிப்போகுது."

கொஞ்ச நேரம் கழித்துப் பேனா நின்றது. "ஆனா இந்த மூணாவது வருஷத்துக் கணக்கு இடிக்குதே" என்றார். அந்த வருஷம் பொங்கல் சமயத்தில் பெய்த மழை எனக்கே நினைவிருக்கிறது. அறுவடைக்கு நின்ற பயிரெல்லாம் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துப் போய், ஊர் ஊராக அழுதார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் இந்த ஒரு வயலில் மட்டும் எப்படி முந்தின வருஷம் போலவே விளைந்தது? அதுதான் அவருக்கு இடித்தது. ஓரத்தில் 'இது எப்படி?' என்று எழுதினார். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வந்தது என் நாத்தனார் கண்ணாத்தாள். இவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். எழிலுக்கு ஒரு வரன். அண்ணி வீட்டுக்காரரின் பங்காளி சாமிதுரை என்று வலங்கைமான் பக்கம் விவசாயம் பார்க்கிறார். அவர் மகன் சேரன். வேளாண்மையில் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறான், மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வேலை, நிரந்தர வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறான். முறையும் சரியாக வருகிறது.

"தங்கமான புள்ளடா தம்பி" என்றார் அண்ணி. "ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. சொந்த நெலமும் இருக்கு. ஆலமரத்துக்குக் கீழ இருக்கே, ஆலடி ஆறு மா, அது அவங்களுதுதான். அந்த வயலைத்தான் சாமிதுரை மவன் ஆராய்ச்சிக்குன்னு மூணு வருஷமா உட்டுக் குடுத்தாரு. தண்ணிய காயவிட்டு காயவிட்டுப் பாய்ச்சுனானாம். ஊரே சிரிச்சிச்சு. பட்டம் வாங்கிட்டான்ல!"

எங்கள் பக்கம் வயலுக்கு வயல் பேர் உண்டு. ஆலமரத்தடியில் இருக்கும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் என்றால் ஆலடி ஆறு மா. அண்ணி சொல்லி முடித்ததும் இவர் முகம் மாறிவிட்டது. மேசையில் கிடந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். வந்த அக்காவை வா என்று கூடக் கேட்கவில்லை.

எனக்கு மர்மக்கதை சொல்ல வராது. பின்னால் எனக்குத் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் படித்துக்கொண்டிருந்த கட்டுரையில் வயலின் படம் ஒன்று இருந்தது. செம்மொழி பேரை எடுத்தார், ஊரை எடுத்தார், கல்லூரியை எடுத்தார். படத்தின் மூலையில் 'ஆலடி ஆறு மா' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை ஏதோ நெல் ரகத்தின் பேர் என்று நினைத்து விட்டுவிட்டார். தஞ்சாவூர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், பாவம். ஆக, இவர் கையில் இருந்தது இவருக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன் எழுதிய கட்டுரை. அதில் ஒரு கணக்கு இடிக்கிறது. பொய்க் கணக்கா, இல்லை காரணம் ஏதும் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பக்கத்தைத் திருப்பினால் போதும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருப்பேன். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள நாயாய் அலைகிறோம். இவருக்கு வீடு தேடி வந்திருக்கிறது! இந்த மனிதர் கொல்லையில் நின்றபடியே செம்மொழிக்குப் போன் போட்டார். "அம்மா, இதை நான் பாக்கக் கூடாது. எழுதினவர் எனக்கு உறவாகலாம்" என்றிருக்கிறார். "பரவாயில்ல சார், பாத்த வரைக்கும் ஏதாவது சொல்லணுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்லம்மா. வேற ஆளு புதுசா பாக்கட்டும். நான் பாத்ததை மறந்துடறேன்." தன் சந்தேகத்தை அடுத்துப் படிக்கப்போகிறவர் தலையில் ஏற்றிவிடக் கூடாதாம். பிறகு அந்தத் தாள்களைத் தூள் தூளாகக் கிழித்து எருக்குழியில் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற நல்ல தாள்களை ஏன் கிழிக்கிறார் என்று அண்ணியும் நானும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தவரிடம் அண்ணி கேட்டார். "நீ அந்தப் படிப்புலயே ஊறுனவன். காலேஜ்ல நாலு பேரை விசாரிச்சுச் சொல்லுடா."

"என்னால முடியாதுக்கா."

"ஏன், பையனைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

"தெரியாது, விடேன்."

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணப் பேச்சாகத் தெரியலாம். எங்கள் ஊர்களில் வரன் விசாரிக்கிற விதமே வேறு. யாரும் யாரைப் பற்றியும் கெட்டது சொல்லமாட்டார்கள். பையன் நல்லவனாக இருந்தால் "கண்ண மூடிட்டுக் குடுங்க" என்பார்கள். சுமார் என்றால் "நல்ல குடும்பந்தாங்க" என்று குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் மோசம் என்றால் "நீங்களும் நாலு எடத்துல கேட்டுக்குங்க" என்பார்கள். ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டால், அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அர்த்தம். இவர் கொல்லைக்கு எழுந்து போனதையும் தெரியாது தெரியாது என்றதையும் அண்ணி அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணி போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, குடிப்பானா? வேற பொண்ணு விவகாரமா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேகலா."

"அப்ப நல்லவனா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியலன்னா விசாரிக்க வேண்டியதுதான?"

"நான் விசாரிக்கக் கூடாது."

கூடாது! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காரணத்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அண்ணிக்குப் போயிருக்கும், அண்ணியிடமிருந்து சாமிதுரைக்குப் போயிருக்கும், சேரனின் கட்டுரையில் ஏதோ கோளாறு என்று அது அச்சில் வரும் முன்பே வலங்கைமான் முழுக்கப் பேசியிருப்பார்கள். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எழிலுக்கு வரன் விஷயம் போனது. அவள் கால்நடை மருத்துவர், மாட்டுக்குச் சினை ஊசி போடுவதிலிருந்து ஆட்டுக்குக் கால் கட்டுவது வரை ஸ்கூட்டரிலேயே சுற்றுகிறவள். இதுவரை வந்த நாலைந்து வரன்களைப் போட்டோவிலேயே தள்ளிவிட்டாள். சேரனோடு மட்டும் அண்ணி நம்பர் கொடுத்த நாளிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசும்போது சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பெற்றவளுக்கு அது போதாதா? அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அந்த நாட்களில் அவர் பட்டதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். குடமுருட்டி ஆற்றங்கரைக்கு நடக்கப் போனால் திரும்பி வர நேரமாகும். செம்மொழி அனுப்பிய வேறொரு கட்டுரை பிரிக்காமலே கிடந்தது. எழில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். நான் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். "பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத ஆளு" என்று அவர் காது படவே சொன்னேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்றேன். பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எதிர்பார்த்தபடியே அண்ணி போன் செய்தார். "உன் புருஷன் வாயத் தொறக்கலங்கிறது சாமிதுரை காதுக்குப் போயிடுச்சு. எம் புள்ளைக்கு என்ன கொறையக் கண்டாருன்னு கேக்குறாரு. நான் என்னத்த சொல்ல? வேற எடம் பாத்துக்குறோம்னுட்டாரு, மேகலா" என்றார்.

எழில் அப்போது கூடத்தில்தான் இருந்தாள். நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

"வேணாம்னு நான் சொல்லலம்மா."

"அப்ப சரின்னு சொல்லுங்க."

"அதையும் என்னால சொல்ல முடியல."

"ஏம்ப்பா?"

"அதையும் கேக்காத. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. நான் பேசாம இருக்குறதுக்கும் அந்தப் பையன் நல்லவனா கெட்டவனாங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. அதை வச்சு அவனை எடை போட்டுடாத. நீயா பாரு, நீயா கேளு, நீயா முடிவு பண்ணு."

எழில் என்னை மாதிரி கத்தவில்லை. சரியென்று தலையாட்டினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் கும்பகோணத்தில் ஒரு பேக்கரியில் சேரனைச் சந்திக்கப் போகிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "போயி என்னடி கேக்கப் போற?" என்றேன். "எல்லாரும் கேக்காததை" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராவே கேட்டுட்டேம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "எங்க அப்பா உங்களைப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கிறாரு, நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும், நீங்க என்ன தப்பு பண்ணீங்கன்னு கேட்டேன்."

"அடிப்பாவி! அவன் என்ன சொன்னான்?"

"அப்படியே யோசிச்சாரு. யோசிச்சுட்டு, எங்க ஆராய்ச்சி கைடு ஏதாவது சொல்லியிருப்பாரு, அவருக்கும் எனக்கும் சண்டைன்னாரு. ஒரு கட்டுரை அனுப்பியிருக்காராம். மூணாவது வருஷம்…"

"எழில், அது வேணாம்மா" என்றார் இவர் சட்டென்று.

"நீங்கதானப்பா நீயா கேளுன்னீங்க. கேட்டுட்டு வந்ததைச் சொல்லக் கூடாதா? மூணாவது வருஷம் பொங்கல் மழையில அவர் வயலும் முங்கிடுச்சாம். பள்ளத்துல இருந்த பாத்தியெல்லாம் அழுகிப்போய், ஆலமரத்து மேட்டுல இருந்த நாலே நாலு பாத்திதான் தப்பிச்சிச்சாம். அந்த நாலுல நல்லா வெளைஞ்சிருக்கு. அந்தக் கணக்கைப் போட்டுட்டு, அடுத்த பக்கத்துலயே, மத்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு, இந்த நாலை நம்பி எதுவும் முடிவு பண்ணாதீங்கன்னு தெளிவா எழுதியிருக்காராம். அந்த வரிய எடுத்துடு, எடுத்துட்டா கட்டுரை பறக்கும், வேலை கெடைச்சிடும்னு கைடு சொல்லியிருக்காரு. இவரு முடியாதுன்னுட்டாரு. அதுலேர்ந்து இவனுக்குத் திமிருன்னு அந்த ஆளு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாராம். இதுதாம்ப்பா அவர் பண்ண தப்பு. எனக்கு இந்தத் தப்பு பிடிச்சிருக்கு."

நான் தோசைக் கரண்டியோடு திரும்பினேன். இவர் அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும் தாடையில் வழிந்து சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. பெண் நம்மை விட்டுப் போகப்போகிறாள் என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். கையைக் கழுவினார், போனை எடுத்தார், தானாகவே அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, எம் பொண்ணுக்குச் சம்மதம். எனக்கும் முழுச் சம்மதம். சாமிதுரைகிட்ட நானே வந்து மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்றார். திரும்பி என்னிடம், "இன்னும் ரெண்டு தோசை போடு, மொறுவலா" என்றார். அந்தக் கரண்டியாலேயே ஒன்று வைக்கலாமா என்று இருந்தது எனக்கு.

சாமிதுரை வீட்டுக்கு மறுநாளே போனார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பும்போது ஒரு மூட்டை சீரகச் சம்பா அரிசியோடு வந்தார். தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. செம்மொழியும் வந்திருந்தார். அழைப்பிதழில் மாப்பிள்ளை பேரைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் மாதிரி ஒருத்தர் கெடைக்கிறது கஷ்டங்க" என்றார். "வேணும்னா கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கட்டுரையை வேறு இரண்டு பேர் படித்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டு, சேரன் திருத்தி எழுதி, அச்சில் வருவதற்குள் நிரந்தர வேலைக்கான அந்த வருஷத்து நேர்முகத் தேர்வு போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழிலும் அவனும் தைரியமாக இருக்கிறார்கள். இதழ் வந்த அன்றைக்கு மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்து "மாமா, பாருங்க" என்று நீட்டினான். இவர் ரொம்ப நேரம் அதையே படித்தார். பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகுதான் என்னை உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பொய்க் கணக்கா இருந்திருந்தா? எம் பொண்ணு ஒரு பித்தலாட்டக்காரன்கிட்ட மாட்டியிருப்பாளே! ஒரு பக்கம்! ஒரே ஒரு பக்கம் திருப்பிப் பாத்திருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

"அதை நெனைச்சுத்தான் மேகலா நான் சோறு எறங்காம கெடந்தேன்."

"உங்க பொண்ணை விட அந்தப் பேப்பர் பெருசா போச்சா?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். "உங்க அப்பா சொல்லவேணாம்னு கேட்டுக்கிட்டாரு. அவரு போயி எவ்வளவோ காலம் ஆச்சு, இனிமே சொன்னா தப்பில்ல. நம்ம கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சே, ஏன் தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாள் கூடி வரவில்லை என்று அப்பா சொன்னார். என் அப்பா ஒரு விதைப் பண்ணையில் களப்பணியாளராக இருந்தார், எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிற ஆள்.

"நாளும் இல்ல கோளும் இல்ல. நான் படிக்கும்போது எழுதின மொத கட்டுரை, உங்க அப்பா வேலை பாத்த பண்ணை ஆபீசர்கிட்ட கருத்துக் கேட்டுப் போச்சு. பேர் இல்ல. ஆனா என் ஊரை வச்சு நான்னு கண்டுபிடிச்சுட்டாரு. முழுசா படிக்கக்கூட இல்ல. உங்க அப்பாவைக் கூப்ட்டு, உனக்கு மருமகனா வரப்போறவன் எழுதுனதைப் பாத்தேன், அந்தத் தெருப் பையனுக்கு இவ்வளவு எழுத வருமா, எங்கயோ காப்பியடிச்சிருக்கான்னு சொல்லிட்டாரு. பெரிய படிப்பு படிச்சவர் சொல்றாரேன்னு உங்க அப்பா பயந்துட்டாரு. வேற இதழ்ல அது அச்சாகி வந்தப்பறந்தான் அவருக்கு மனசு ஆறிச்சு. சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எங்கிட்ட சொல்லி அழுதாரு."

அந்த ஒரு வருஷம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லையே, என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு நர்ஸிங் ஹாஸ்டலில் தலையணையை நனைத்திருக்கிறேன். அந்த வருஷம் முழுக்க அப்பா ஏன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறது. அந்த ஆபீசர் பொழுதுபோகாமல் சொன்ன ஒரு வார்த்தை!

இவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். அதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை, இனியும் ஒத்துப்போகாது. ஆனால் அன்றைக்கு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது இந்த மனிதர். இவரோடு நான் இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்க வேண்டியவள். அதை யாரிடம் போய்க் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்.